கொடி ஏறிய பிறகு ஒரு விஸ்கிப் பாடம்

காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இலங்கை தெரிந்தது. முதலில் தெரிந்தது மூடிக்கிடக்கும் சிமெண்ட் ஆலையின் சாம்பல் நிறக் கட்டடம். பிறகு கலங்கரை விளக்கம், துறைமுகச் சுவர், சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்கள். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட நான்கு மணி நேரத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தார். கரை தெரிந்ததும் எழுந்து தலை சீவிக்கொண்டார்.

காங்கேசன்துறைச் சுங்க மேசையில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். என் பையைத் திறந்து, இரண்டு சட்டைகளுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தார்.

"போத்தில் ஏதும் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லைங்க."

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"விஸ்கி குடிக்கக் கத்துக்க வந்திருக்கேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். "இஞ்சையோ?"

"ஆமா."

"கொடி ஏறீட்டுது. இப்ப ஆரும் குடிக்கமாட்டினம். நீங்கள் பிழையான நேரத்திலை வந்திருக்கிறியள்." பையை மூடி என் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் அனுதாபம் இருந்தது.

அவர் சொன்னது நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றத்தை. இருபத்தைந்து நாள் திருவிழா. கொடி ஏறிய நாள் முதல் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பெரும்பாலானவற்றில் மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, மது கிடையாது. புறப்படுவதற்கு முன் கடல் நிலவரம் பார்த்திருந்தேன். பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

வந்த காரணம் இது. சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியர், ஸ்காட்ச் விஸ்கியை எப்படி அருந்துவது, எப்படி ரசிப்பது என்று புதியவர்களுக்கு ஒரு கட்டுரை கேட்டார். நான் முப்பது வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். முப்பது வருடமும் குடித்திருக்கிறேன். அரசு மதுக்கடையில் எது இருந்ததோ அது. மேலே சோடா, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு, பின்னாலேயே ஊறுகாய். அதன் சுவை என்ன என்று யாராவது கேட்டிருந்தால் ஊறுகாயைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தெரியாதவர்களுக்குத்தான் கட்டுரை என்றார் ஆசிரியர். சொகுசுக் கப்பலில் பரிமாறுபவராக இருந்த நண்பர் ஒருவர், தன்னோடு அங்கே பாரில் நின்றவரின் பெயரைக் கொடுத்தார். கிருபாகரன், யாழ்ப்பாணம்.

அவர் இப்போது வேலை செய்யும் விடுதி, நகரத்திலிருந்து கொழும்புத்துறைக்குப் போகும் பாதையில், காயலைப் போன்ற கடனீரேரியைப் பார்த்தபடி இருக்கிறது. மூன்று மாடி. பார் மேல்மாடியில். பதினான்கு நாற்காலிகள், பதினான்கும் காலி. கவுண்டருக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒருவர், நெற்றியில் மூன்று கோடு திருநீற்றோடு, ஏற்கனவே சுத்தமாக இருந்த ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. முதல்லையே ஒரு விசயம் சொல்லிப்போடுறன். எல்லாம் சொல்லித் தருவன். ஆனா நான் குடிக்கமாட்டன்."

"கொடி ஏறிடுச்சு" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"கஸ்டம்ஸ்காரர்."

"சரியாத்தான் சொல்லியிருக்கிறார்."

ஏன் இந்த விரதம், ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "ஏனெண்டு கேட்டா என்னட்டை மறுமொழி இல்லை அண்ணை. கொடி ஏறினாப் பிறகு வாயிலை வைக்கிறேல்லை. கப்பல்லை நிக்கேக்கையும் வைக்கேல்லை. அவ்வளவுதான்."

அதன் பிறகு தன் சிக்கலைச் சொன்னார். இந்த விடுதியை நடத்தும் நிறுவனத்துக்குக் கண்டியிலும் காலியிலும் விடுதிகள் உண்டு. மூன்று விடுதிகளின் பார் ஊழியர்களில் ஒருவரை மூன்று மாதம் ஸ்காட்லாந்துக்கு, ஒரு விஸ்கி வடிசாலைக்கு, பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். போய் வருபவருக்குக் கொழும்பில் புதிதாகத் திறக்கும் விஸ்கி பாரின் பொறுப்பு. கண்டிக்காரருக்கும் காலிக்காரருக்கும் தேர்வு முடிந்துவிட்டது. கிருபாகரனுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. கொழும்பிலிருந்து ஒரு அம்மையார் வந்து, பெயர் ஒட்டாத மூன்று விஸ்கிகளைக் கொடுப்பார். ஒவ்வொன்றும் ஸ்காட்லாந்தின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு, விஸ்கி தெரியாத ஒரு விருந்தாளிக்கு அதை அறிமுகம் செய்து காட்ட வேண்டும்.

"திருவிழா முடியட்டும் எண்டு காயிதம் போட்டனான். ஏலாதெண்டு மறுமொழி வந்திட்டுது. எட்டு வருசமா இந்தக் கவுண்டருக்குப் பின்னாலை நிக்கிறன் அண்ணை. ஸ்கொட்லாந்தைப் படத்திலைதான் பாத்திருக்கிறன்."

"குடிக்காம எப்படிச் சொல்வீங்க?"

மூக்கைத் தொட்டுக் காட்டினார். "விஸ்கியிலை முக்கால்வாசி இதுதான். மிச்சத்துக்குப் பழக ஒரு நாக்கு வேணும். ஒண்டும் தெரியாத விருந்தாளியும் ஒராள் வேணும்."

என்னைப் பார்த்தார். இரண்டு இடத்துக்கும் நான் பொருந்தினேன்.

முதல் பாடம் அன்று மாலை ஆறு மணிக்கு. கிளாஸ் சிறியது, கீழே வயிறு அகன்று, மேலே வாய் குறுகி, தாமரை மொட்டைப் போல. அகன்ற வாயில் மணம் பறந்துவிடும், குறுகிய வாய் அதைப் பிடித்து வைக்கும் என்றார். ஒரு விரல் கனத்துக்கு ஊற்றினார். நான் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. பஸ்ஸோ போகுது? முதல் பாருங்கோ."

வெளிச்சத்தில் பார்த்தேன். காய்ந்த வைக்கோலின் நிறம். நிறத்தை அதிகம் நம்ப வேண்டாம், சிலர் கருக்கிய சீனி சேர்த்து நிறம் ஏற்றுவார்கள் என்றார். கிளாஸை மெல்லச் சுழற்றச் சொன்னார். சுவரில் ஏறிய விஸ்கி கோடு கோடாக இறங்கியது.

"இப்ப மணவுங்கோ. மூக்கை உள்ளுக்கை விடாதேங்கோ. வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சிருங்கோ."

வாயை மூடி முகர்ந்தால் காரம் கண்ணுக்கு ஏறுகிறது. சற்றுத் திறந்து வைத்தால் காரம் விலகி மணம் மட்டும் நிற்கிறது. இதை நான் நான்கு முறை மாற்றி மாற்றிச் சோதித்தேன். நான்கு முறையும் அப்படித்தான்.

"என்ன மணக்குது?"

"விஸ்கி."

"அது எனக்கும் தெரியும். வேறை?"

"ஸ்பிரிட்."

"வேறை?"

மீண்டும் முகர்ந்தேன். "வாழைப்பழம். பழுத்து ஒரு நாள் கூட ஆனது."

அவர் ஒரு குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சிறு மிடறு. விழுங்காமல் நாக்கில் உருட்டிப் பத்து எண்ணச் சொன்னார். நாலில் சுட்டது. ஏழில் சூடு அடங்கியது. ஒன்பதில் இனித்தது. விழுங்கிய பிறகு தொண்டை அடியிலிருந்து ஏதோ ஒரு மணம் மூக்குக்குத் திரும்பி வந்தது. முப்பது வருடமாக நான் நாலிலேயே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டுரைக்கான தகவல்களையும் அன்றே வாங்கிக்கொண்டேன். ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடந்தால்தான் அதை ஸ்காட்ச் என்று சொல்லலாம். முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் செய்தது சிங்கிள் மால்ட். அதோடு மற்ற தானிய விஸ்கிகளையும் கலந்தது பிளெண்ட். உலகத்தில் அதிகம் விற்பது அதுதான். போத்தலில் பன்னிரண்டு வருடம் என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பதிலேயே இளையதற்குப் பன்னிரண்டு வயது. போத்தலில் அடைத்த பிறகு வயது ஏறாது. ஐஸ் போடலாமா என்று கேட்டேன்.

"போடலாம். காசு குடுத்து வாங்கினது நீங்கள்தானே. ஆனா குளிர்ந்தா மணம் எழும்பாது. பிறகென்னத்துக்கு இவ்வளவு காசு?"

புதன்கிழமை காலை உரும்பிராய்க்கு, அவருடைய வீட்டுக்குப் போனேன். தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு அங்கேதான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். நல்லூர்ப் பக்கம் பாதைகளை மறித்திருந்ததால் மினிபஸ் ஒழுங்கைகள் என்னும் சிறு சந்துகளுக்குள் புகுந்து வளைந்தது. ஓரிடத்தில் எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு இடம் விட்டதில் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். என் காலின் மேல் ஒரு வெங்காய மூட்டை இருந்ததால் நான் கடைசியாக இறங்கினேன்.

"இறங்கின ஆம்பிளையள் எல்லாரும் ஒருக்காத் தள்ளுங்கோ" என்றார் நடத்துனர்.

"ரிக்கற் எடுத்ததும் நாங்கள், தள்ளுறதும் நாங்களோ?" என்றார் ஒரு பெரியவர், தள்ளிக்கொண்டே.

செம்மண். பஸ்ஸைத் தள்ளியதில் என் வேட்டி ஓரம் செங்கல் நிறமாயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் இதற்குள் இரண்டு பேர் சண்டை பிடித்திருப்பார்கள். இங்கே ஒருவர் எல்லோருக்கும் கச்சான் கொடுத்தார். வறுத்த வேர்க்கடலை.

கிருபாகரனின் வீட்டைச் சுற்றி வெங்காயமும் வாழையும். அவர் மனைவி சுகந்தி பக்கத்துப் பாடசாலையில் கணக்கு ஆசிரியை. எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மூக்காலை இழுத்தா விரதம் முறியாதாம். இவர் சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?"

நான் பதில் சொல்வதற்குள் கிருபாகரன் சொன்னார்: "மீன்கடைக்கு முன்னாலை போனா மீன் திண்டதோ?"

"போறதும் நிண்டு இழுக்கிறதும் ஒண்டோ?"

"விழுங்கினாத்தானப்பா குடிக்கிறது."

"அப்ப நான் அடுப்படியிலை நிண்டு மணந்துபோட்டுச் சாப்பிடாமல் விட்டா வயிறு நிரம்புமோ?" என்னிடம் திரும்பினார். "உந்த பாருக்கு நான் ஒருநாளும் போனதில்லை. போகவும் மாட்டன். ஆனா இவருக்கு உந்த வேலை கிடைக்கோணும். எட்டு வருசமாப் படுத்தா எழும்பினா உதே கதைதான்."

கிணற்றடியில் மூன்று டம்ளர். ஒன்றில் அவர்கள் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் கொழும்புத்துறையிலிருந்து கிருபாகரன் போத்தலில் கொண்டுவந்த கரையோரக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் விடுதியின் ஃபில்டர் தண்ணீர். குடித்துப் பார்த்தேன். கரையோரத் தண்ணீர் நாக்கின் ஓரத்தில் உப்பாக நின்றது. உரும்பிராய்த் தண்ணீருக்குக் கனம் இருந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் தண்ணீர். ஃபில்டர் தண்ணீருக்கு ஒன்றுமே இல்லை.

"எங்கடை ஆக்கள் ஒரு வீட்டிலை தண்ணி வாங்கிக் குடிச்சா, அந்தக் கிணறு எந்தப் பக்கமெண்டு சொல்லுவினம். அந்த நாக்குத்தான் விஸ்கிக்கும் வேணும்." காரமான விஸ்கியில் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே அடங்கியிருந்த மணம் அவிழும் என்றும், அதற்குச் சுவையில்லாத தண்ணீரே சரி என்றும் சொன்னார். அவருடைய கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவருக்கு உள்ள பெருமை அந்த வாக்கியத்தில் சற்று இடறியது.

மதியம் வாழை இலையில் சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, வெந்தயக் குழம்பு. தேங்காய்ப்பால் சேராத பதார்த்தம் மோர்மிளகாய் ஒன்றுதான்.

வியாழக்கிழமை ஒத்திகை. விடுதியின் சமையல்காரர் செபமாலை கொழும்புத்துறைக் கடற்றொழிலாளர் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். அவருக்கு நல்லூர் விரதம் இல்லை. அவரையே நாக்காக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"அவரைக் கேட்டுப் பாருங்கோ" என்றார் கிருபாகரன்.

செபமாலை ஒரு கிளாஸை ஒரே மடக்கில் முடித்தார். "சுடுது" என்றார். இரண்டாவதையும் முடித்தார். "இதுவும் சுடுது. மச்சான், பனஞ்சாராயம் இதைவிடத் திறம்." சமையலறைக்குப் போய்விட்டார். போகும்போது மூன்றாவதையும் கையோடு எடுத்துப் போனார்.

புத்தகங்களில் இருக்கும் மணங்களை கிருபாகரன் மனப்பாடம் செய்திருந்தார். ஹெதர் பூ, கரி எண்ணெய் பூசிய கயிறு, ஆரஞ்சு மார்மலேட். "ஹெதர் பூவை நானும் கண்டதில்லை, நீங்களும் கண்டதில்லை. எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ." அவரிடம் சொந்தப் பட்டியல் ஒன்று இருந்தது. ஐலா என்ற தீவின் விஸ்கிக்கு, பார்லியைப் பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகைக்கு அவர் வைத்திருந்த பெயர் ஊமல் கரி. பனங்கொட்டையின் ஓட்டைச் சுட்ட கரி. அதோடு வரும் கடல்பாசி மணத்துக்கு, நீர் வற்றிய நேரத்துக் கொழும்புத்துறைக் கரை. ஷெரி என்ற திராட்சை மதுவை வைத்திருந்த பீப்பாயில் முதிர்ந்ததற்குப் பினாட்டு. பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்த தட்டு. தாழ்நிலப் பகுதியான லோலண்ட் விஸ்கிக்கு, வெட்டிய அறுகம்புல்.

சரக்கை ஊற்றி இடம் மாற்றி வைக்கும் வேலையை நான் செய்தேன். அவர் முதுகைக் காட்டி நின்றுவிட்டுத் திரும்பி முகர்ந்தார். ஆறு சுற்று, பதினெட்டு கிளாஸ். பதினேழு சரி. பதினெட்டாவதுக்கு அவர் சொன்ன பதில் தவறு என்று நான் சொன்னபோது, போத்தலை வாங்கிப் பார்த்து, நான்தான் இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்று காட்டினார்.

வெள்ளிக்கிழமை. கிருபாகரன் நல்லூர்க் காலைப் பூசைக்குப் போய்விட்டு ஒன்பதுக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒன்பது பத்துக்கு மேல்மாடிக்கு ஏறினேன். பார் கதவின் கீழ் இடுக்கு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. தீ என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே சுகந்தி. பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் தூபக்கால். அறை முழுவதும் சாம்பிராணிப் புகை. அலமாரியில் இருந்த போத்தல்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பிறகு எண்ணினேன்; முப்பத்திரண்டு போத்தல். தேர்வுக்கென்று தட்டில் எடுத்து வைத்திருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் தூபக்காலின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை கடை திறப்பவர்கள் தராசுக்கும் கல்லாவுக்கும் புகை காட்டுவார்கள். அவர் தன் கணவரின் தொழில் சாமான்களுக்குக் காட்டினார்.

கிருபாகரன் அறையின் நடுவில் நின்றிருந்தார். எனக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்திருக்கிறார்.

"பாருக்குப் போகமாட்டன் எண்டனீ" என்றார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நல்ல அலுவல் நடக்கப்போற இடம். சும்மா கிடந்தாச் சரியோ?" என்றார் சுகந்தி. "ஏனப்பா முகம் அப்பிடிக் கிடக்கு? மணம் நல்லாத்தானே இருக்கு."

"ஓம். அதுதான்."

கணக்கு ஆசிரியைக்கு அது புரிய மூன்று நொடி ஆயிற்று. தூபக்காலைத் தரையில் வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினார்.

எல்லா ஜன்னல்களையும் திறந்தோம். கிளாஸ்களைச் சுடுநீரில் நான்கு முறை கழுவினோம். மேசையை வெளியே மொட்டைமாடிக்கு மாற்றினோம். மணம் முகர்ந்து குழம்பியவர்கள் தங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கிருபாகரன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். இப்போது தன் முழங்கையை முகர்ந்து பார்த்தார். "இதிலையும் சாம்பிராணி" என்றார். "மூக்கு முழுக்கக் கோயில் அண்ணை."

ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தேர்வாளர் வந்தார். தில்ருக்ஷி என்று பெயர். சிங்களவர், ஆங்கிலத்தில் பேசினார். வெள்ளைக் கட்டமிட்ட சேலை, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. தன் பையிலிருந்து எண் மட்டும் எழுதிய மூன்று சிறு போத்தல்களை எடுத்து வைத்தார். திறந்த கதவு வழியாக அலமாரியைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அந்தப் பொட்டுகள் யார் வைத்தது?"

"என்னுடைய மனைவி" என்றார் கிருபாகரன். நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

"மூக்கு வேலை செய்யாவிட்டால் சுவைத்துச் சொல்லுங்கள்."

"இந்த நாட்களில் சுவைப்பதில்லை அம்மா."

"உங்கள் கடிதத்தைப் படித்தேன். தேதியை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை." பையிலிருந்து விதித்தாளை எடுத்துப் புரட்டினார். "விருந்தாளி யார்?"

நான் கையைத் தூக்கினேன்.

"தேர்வின் இரண்டு பகுதிகளையும் ஒன்றாக நடத்தக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. இவர் குடிக்கட்டும். நீங்கள் இவரைக் கேட்கலாம். பதில் உங்களுடையது."

முதல் கிளாஸை கிருபாகரன் நெடுநேரம் முகர்ந்தார். மணம் பிடிபடவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு என்னிடம் தந்தார். நான் மூன்று நாள் பழகியபடி செய்தேன். ஊமல் கரி என்றேன். உப்பு என்றேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் என்றேன்.

"புகை முன்னுக்கு நிக்குதோ, விழுங்கினாப் பிறகு வருதோ?"

"விழுங்கின பிறகுதான் கூடுது."

"ஐலா" என்றார். அந்த அம்மையார் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதினார்.

இரண்டாவது மெலிதாக இருந்தது. புல், எலுமிச்சைத் தோல்.

"நாக்கிலை எவ்வளவு நேரம் நிக்குது?"

"எட்டு எண்ணுறதுக்குள்ள போயிடுச்சு."

"லோலண்ட்."

மூன்றாவது தேநீர் நிறம். சுகந்தி மாடிக் கதவருகில் வந்து நின்றுகொண்டிருந்தார். முகர்ந்தேன். பினாட்டு, உலர்ந்த திராட்சை, ஏலக்காய். குடித்தேன். இனிப்பு. அதற்குப் பின்னால் ஒரு புகை.

"புகையோ?"

"இருக்கு."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. கிளாஸிலையோ, விஸ்கியிலையோ?"

அவர் கேட்டது சரியான கேள்வி. புகை விஸ்கியில் இல்லை என்றால் அது ஸ்பேசைட் என்ற பகுதி; இருந்தால் ஹைலண்ட். இரண்டாவது மிடறு எடுத்தேன். பத்து எண்ணினேன். மூன்று நாளில் என் நாக்கைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டாகியிருந்தது.

"விஸ்கியிலதான்" என்றேன்.

கிருபாகரன் கிளாஸை என் கையிலிருந்து வாங்கினார். உதட்டுக்கு அருகே கொண்டுபோனார். விளிம்புக்கும் உதட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. கீழே சமையலறையில் செபமாலை தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. சுகந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளாஸை மேசையில் வைத்தார். "ஹைலண்ட். ஷெரிப் பீப்பாய்."

அம்மையார் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "பீப்பாய் சரி. ஆனால் அது ஸ்பேசைட். அதில் புகை இல்லை." முதல் இரண்டும் சரி என்றும் சொன்னார். விருந்தாளியோடு பேசிய விதம் தான் பார்த்ததிலேயே சிறந்தது, அதற்கு முழு மதிப்பெண் என்றார். முடிவு கொழும்பிலிருந்து வரும். கிருபாகரன் அவரைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வந்தவரிடம் தவறு என்னுடையது என்றேன்.

"நாக்கு உங்கடை. பதில் என்ரை" என்றார். "சாப்பிட்டனீங்களோ?"

சுகந்தி ஈரத்துணியோடு அலமாரிக்கு முன்னால் நின்று பொட்டுகளைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். நான்கு போத்தல் முடிந்திருந்தது.

"விடு, கிடக்கட்டும்" என்றார் கிருபாகரன்.

"ஆக்கள் வந்தாச் சிரிப்பினம்."

"கொடி இறங்குமட்டும் ஆர் வரப்போகினம்?"

அவர் துணியை வாங்கிக்கொண்டார். சுகந்தி அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. கிருபாகரன் கழுவிய கிளாஸ்களை ஐந்தாவது முறையாகக் கழுவப் போனார். நான் கீழே போய்ச் சாப்பிட்டேன். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். செபமாலை என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். மேலும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

மறுநாள் கப்பல். கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். கிளாஸ், நிறம், திறந்த வாய், பத்து எண்ணுவது, மூன்று சொட்டுத் தண்ணீர் எல்லாம் அதில் வந்தன. முகரும் அறையில் வேறு மணம் இருக்கக் கூடாது என்பதைத் தனிப் பத்தியாக எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை இடமில்லை என்று வெட்டிவிட்டார்.

திருவிழா முடிந்து, கடைசிச் சடங்கான வைரவர் மடையும் முடிந்த மறுநாள் கிருபாகரன் குரல்செய்தி அனுப்பினார். பின்னணியில் மீன் பொரியும் சத்தம் கேட்டது. அந்த அம்மையார் விட்டுப்போன மூன்றாம் எண் போத்தலில் மிச்சம் இருந்ததாம். அதைக் குடித்துப் பார்த்திருக்கிறார். "அண்ணை, உதிலை புகை துண்டற இல்லை, கொஞ்சமும் இல்லை. ஒரு சொட்டிலையே தெரிஞ்சிட்டுது. நல்ல சாமான். சுகந்தி உங்களைச் சுகம் கேட்டவ."

கண்டி விடுதிக்காரருக்கு அடுத்த மாதம் ஸ்காட்லாந்து போக விசா கிடைத்தது.